பினாங்கில் தலைப்பிறை: ஷஃபான் 29 மாலை எங்கே நிற்பது, எதைத் தேடுவது?

சூலியா தெரு தம்பி:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் சூராவ் (சிறு தொழுகையிடம்) பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம் 29 மாலை பிறை பார்க்கப் போகிறோம். பாடாங் கோத்தா போதும் என்று சிலர், கர்னி டிரைவ் என்று சிலர். கையில் 10க்கு 50 பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது, டெலஸ்கோப் கிடையாது. எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? சூரியன் மறைந்து எவ்வளவு நேரம் தேட வேண்டும்? 3 டிகிரி, 6.4 டிகிரி என்று டிவியில் சொல்வது எதை? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், அச்செடுத்து எல்லாருக்கும் கொடுக்கப் போகிறேன்.

பாலிக் புலாவ் வாசி:
வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. முதலில் இடம். பாடாங் கோத்தாவும் வேண்டாம், கர்னியும் வேண்டாம். தீவின் வடக்கு, வடகிழக்கு ஓரம் அவை. கடல் முன்னால் இருக்கும், பிறை முதுகுப் பக்கம் இறங்கும். பாடாங் கோத்தாவிலிருந்து பினாங்கு மலை உச்சி ஏறக்குறைய நேர் மேற்கே, 8 கிலோமீட்டர் தூரத்தில். உயரம் 833 மீட்டர். அந்தத் தூரத்துக்கு அந்த உயரம் ஐந்தரை டிகிரிக்கு மேல் வானத்தை மறைக்கிறது. தொடர் முழுக்க ஒரே உயரமில்லை என்றாலும், 3, 4 டிகிரியில் நிற்கிற பிறைக்கு இது போதும், மலைக்குப் பின்னாலேயே பிறந்து அங்கேயே மறைந்துவிடும். பத்து ஃபெரிங்கி கடற்கரை வடக்கு பார்த்தது, அதுவும் உதவாது.

தீவின் மேற்குக் கரைக்கு வாருங்கள். அதிகாரபூர்வமாகப் பார்க்கிற இடம் பந்தாய் ஆச்சேயில் உள்ள புசாட் ஃபலாக் ஷேக் தாஹிர். எதிரே மலாக்கா நீரிணை, தடுப்பு ஒன்றும் இல்லை. அங்கே முஃப்தி அலுவலகத்தின் குழு வேலையில் இருக்கும், ஆகவே பத்துப் பேர் திடீரென்று போய் நிற்காமல் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது மரியாதை. தனியாக நிற்பதென்றால் பூலாவ் பெத்தோங்கைத் தாண்டியுள்ள பாசிர் பாஞ்சாங் மணல் கரை நல்லது. பந்தாய் ஆச்சே கரையோரம் சேறும் கண்டல் காடுமாக இருக்கும், முக்காலியை ஊன்றினால் மெல்லப் புதையும்.

ஒன்றை மறக்காதீர்கள். ரமலான் இப்போது பிப்ரவரி பக்கம் நகர்ந்திருக்கிறது. அந்த மாதத்தின் முதல் பாதியில் சூரியன் நேர் மேற்கில் மறையாது, தெற்கே 13 முதல் 17 டிகிரி தள்ளி மறையும். ஜூனில் போய் "இங்கே அருமையாகத் தெரிகிறது" என்று குறித்து வைத்த இடத்தில் பிப்ரவரியில் ஒரு மேடோ மரமோ குறுக்கே நிற்கும். இரண்டு நாள் முன்னாலேயே போய் சூரியன் கடலைத் தொடும் புள்ளியைப் பார்த்து வையுங்கள்.

கணக்கு வாத்தியார்:
3, 6.4 பற்றி நான் சொல்கிறேன். புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் சமய அமைச்சர்கள் சேர்ந்த மாபிம்ஸ் வகுத்த அளவு அது. சூரியன் மறையும் நேரத்தில் பிறை அடிவானத்துக்கு மேல் குறைந்தது 3 டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும், சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைக்கோணம் குறைந்தது 6.4 டிகிரி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே தேவை. முன்பு உயரம் 2, இடைக்கோணம் 3, அல்லது சந்திரன் மறையும்போது அதன் வயது, அதாவது சூரியனோடு ஒரே திசையில் சேரும் சங்கமத்திலிருந்து கழிந்த நேரம், 8 மணி நேரம் என்று இருந்தது. 2021 டிசம்பரில் புதிய அளவுக்கு ஒப்புக்கொண்டு 2022இலிருந்து நடைமுறைக்கு வந்தது.

6.4 ஏன்? சூரியனுக்கு மிக அருகில் சந்திரன் இருக்கும்போது ஒளிரும் விளிம்பு அறுந்து அறுந்து, கடைசியில் இல்லாமலே போகிறது. பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் அந்த எல்லையை 7 டிகிரி என்றார். பிறகு நிறையப் பார்வைப் பதிவுகளைத் திரட்டி 2004இல் வானியலாளர் ஒதே 6.4 என்று குறைத்தார். 6.4 டிகிரியில் சந்திர வட்டின் ஒளிரும் பங்கு ஏறக்குறைய 0.3 சதவீதம்தான். பிறையின் நடுப்பகுதி அகலம் ஒரு கலையில் (ஒரு டிகிரியின் அறுபதில் ஒன்று ஒரு கலை) பத்தில் ஒரு பங்கு. நல்ல கண் பிரித்தறிவது ஒரு கலை. இந்த எல்லையில் வெறுங்கண்ணால் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

நேரக் கணக்கு. பினாங்கில் சூரியனும் சந்திரனும் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகின்றன, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். 3 டிகிரியில் இருக்கிற பிறை 12, 13 நிமிடத்தில் போய்விடும். சூரிய மறைவுக்கும் சந்திர மறைவுக்கும் உள்ள இடைவெளியை ஒன்பதாகப் பிரித்து நாலு பங்கு கழிந்த நேரம்தான் பார்ப்பதற்குச் சிறந்த தருணம். 13 நிமிட இடைவெளி என்றால் சூரியன் மறைந்து 6ஆவது நிமிடம். 45 நிமிடம் என்றால் 20ஆவது நிமிடம். அதற்கு முன்பு வானம் பிறையைவிட வெளிச்சம். அதற்குப் பிறகு பிறை அடிவானத்தின் தூசிக்குள் இறங்கிவிடும்.

சூலியா தெரு தம்பி:
ஜஸாக்கல்லாஹ் வாத்தியாரே. ஒரு சந்தேகம். போனில் ஸ்டெல்லேரியம் பார்த்தால் ஒரு உயரம், வேறொரு ஆப்பில் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதல். எது சரி?

கணக்கு வாத்தியார்:
இரண்டும் அவரவர் கணக்கில் சரி. பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகக் கணக்கிட்டால் ஒரு எண், நீங்கள் நிற்கும் தரையிலிருந்து கணக்கிட்டால் இன்னொரு எண். சந்திரன் நமக்கு அருகில் இருப்பதால் அடிவானத்தில் இந்த வித்தியாசம் 57 கலை, அதாவது ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணால் தேடுகிறவருக்குத் தேவை நிற்கும் இடத்து உயரம். 6.4 டிகிரி இடைக்கோணம் மட்டும் பூமி மையக் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஆப்பில் அந்த அமைப்பைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். நிறைய வாட்ஸ்அப் சண்டைக்குக் காரணம் இந்த ஒரு டிகிரிதான்.

மஸ்ஜித் இந்தியா பக்கத்து வீடு:
கோலாலம்பூரிலிருந்து கேட்கிறேன். இங்கே பிறை பார்க்கும் இடங்களில் கோலாலம்பூர் கோபுரமும் ஒன்று. அவ்வளவு உயரத்தில் நின்றால் பிறை கூடுதல் நேரம் தெரியும்தானே? அப்படியானால் தரையில் இருப்பவருக்கு அநியாயம் இல்லையா?

கணக்கு வாத்தியார்:
நல்ல கேள்வி. உயரமான இடத்தில் அடிவானம் கீழே சாய்கிறது. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்கினால் சாய்வு கலைகளில் கிடைக்கும். கோபுரத்தின் பார்வைத் தளம் 276 மீட்டர், கோபுரம் நிற்கும் புக்கிட் நானாஸ் குன்று 94 மீட்டர். மொத்தம் 370. சாய்வு 34 கலை, அரை டிகிரிக்குச் சற்று மேல். இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடுதலாகச் சூரியனும் தெரியும், சந்திரனும் தெரியும். இரண்டுமே தள்ளிப்போவதால் இடைவெளி நீளாது. இடைக்கோணமும் மாறாது. உயரத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: கட்டடமும் மரமும் மறைக்காது, கிள்ளானைத் தாண்டிக் கடல்வரை பார்வை போகும். நஷ்டமும் உண்டு. அந்த 60, 70 கிலோமீட்டர் முழுக்க நகரத்துப் புகையும் தூசியும். அதைவிட சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி, நெகிரி செம்பிலானில் தெலோக் கெமாங் போன்ற கடலோர இடங்கள் மேல்.

கோபுரத்தில் நிற்பவர் நோன்பு திறப்பதற்கும் அந்த இரண்டு நிமிடம் பொருந்தும், அதையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் அவருக்கு இன்னும் மறையவில்லை.

பாலிக் புலாவ் வாசி:
தம்பி, கருவி விஷயத்துக்கு வருகிறேன். 10க்கு 50 போதும், ஆனால் கையில் பிடித்துப் பார்த்தால் ஆடும். பைனாகுலரை முக்காலியில் மாட்டுகிற சின்ன இணைப்பு ஒன்று கேமரா கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள். பிறை தவறுவதற்கு மேகத்துக்கு அடுத்த பெரிய காரணம் ஃபோகஸ். வெறும் வானத்தை நோக்கினால் கண் ஃபோகஸ் பிடிக்காது. நூல் மாதிரி இருக்கிற பிறை கொஞ்சம் கலங்கினாலும் வானத்தோடு கரைந்துவிடும், நீங்கள் நேராக அதையே பார்த்துக்கொண்டிருந்தும் தெரியாது. ஐந்தரை ஆறு மணிக்கே நீரிணையில் தூரத்தில் போகும் கப்பலின் கொடிமரத்தில் ஃபோகஸ் வைத்து, திருகின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி போட்டவர், போடாதவர் இரண்டு பேரும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் அந்த டேப்புக்கு எதிரி. ஒருவர் பைனாகுலரில், மற்றவர்கள் வெறுங்கண்ணில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சூரியனின் கடைசி விளிம்பு கடலுக்குள் போகும்வரை யாரும் அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பக் கூடாது. சிவந்து மங்கி இருக்கிறதே என்று பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். மங்கலான சூரியனும் லென்ஸ் வழியாக விழித்திரையைப் பொசுக்கும், வலியும் தெரியாது. இதை மட்டும் பெரியவர் ஒருவர் பொறுப்பெடுத்துக் கவனிக்க வேண்டும்.

திசைக்குத் திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். நம் பக்கத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு, அது பிரச்சினையில்லை. காரின் மேல் வைத்துப் பார்ப்பதும், இரும்பு வேலிக்கு அருகில் நிற்பதும்தான் பிரச்சினை. சூரியன் மறைந்த புள்ளியையே அடையாளமாக வையுங்கள். ஒரு குச்சியை மணலில் நட்டு, பத்தடி பின்னால் இன்னொன்றை நட்டு, இரண்டும் ஒரே கோட்டில் சூரியன் மறைந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி செய்துவிட்டால் இருட்டினாலும் திசை போகாது. அங்கிருந்து பிறை இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனை டிகிரி என்பதை முன்பே எழுதி வைத்திருங்கள். கையை முழுக்க நீட்டினால் சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி, நடு மூன்று விரல் சேர்ந்தால் 5, மூடிய முஷ்டி 10.

பட்டர்வொர்த் நானா:
வாலைக் கீழே தொங்கவிட்ட பிறையைப் பார்த்ததாக வந்து சொல்பவர்கள் உண்டு. நம் பகுதியில் தலைப்பிறை மல்லாந்த படகு மாதிரி கிடக்கும், கொம்புகள் மேல்நோக்கி, கொஞ்சம் இடமோ வலமோ சாய்ந்து. வயிறு எப்போதும் சூரியன் மறைந்த பக்கம். முழு அரைவட்டமாகவும் இருக்காது, இரண்டு கொம்பும் குட்டையாகி ஒரு சின்ன வில்தான் மிஞ்சும். பார்த்தேன் என்பவரைத் தனியாக அழைத்து நாலு கேள்வி கேளுங்கள்: சூரியன் மறைந்த இடத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை விரல் உயரம், கொம்பு எந்தப் பக்கம், மணி என்ன. மற்றவர் காதில் விழக் கூடாது. ஒருவர் சொன்னதைக் கேட்டதும் "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று வரிசையாக வருவது பொய்யல்ல, மனம் அப்படி வரைந்துகொள்கிறது.

விமானப் புகைக்கோடு, கீழேயிருந்து வெளிச்சம் பட்ட மேக ஓரம், வெள்ளிக் கிரகம், நீரிணையில் கப்பல் விளக்கு. ஏமாற்றுகிறவை இவைதான். 2025 பிப்ரவரி 28 மாலை வெள்ளி மேற்கில் பளீரென்று நின்றது. மேகக் கிழிசலுக்குள் அதைப் பார்த்தவருக்குப் பிறை என்று தோன்றுவது இயல்பு.

கெடா வழிப்போக்கர்:
அந்த 2025 பிப்ரவரி 28தான் எனக்குப் புரியாதது. இந்தோனேசியா மார்ச் 1 நோன்பு, நாம் மார்ச் 2. மாபிம்ஸ் அளவு ஒன்றுதானே?

கணக்கு வாத்தியார்:
அளவு ஒன்று, இடம் வேறு. அன்று சங்கமம் நம் நேரம் காலை 8.45க்கு. மாலையில் உயரம் பிரச்சினையே இல்லை, 3ஐத் தாண்டியிருந்தது. முடிவு செய்தது இடைக்கோணம். இந்தோனேசியாவின் மேற்கு முனையான ஆச்சேயில் அது 6.4ஐ மயிரிழையில் தொட்டது, 6 டிகிரி 24 கலை. பினாங்கு ஆச்சேயிலிருந்து கிழக்கே 5 டிகிரி தள்ளி இருக்கிறது, சூரியன் இங்கே ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே மறைகிறது. சந்திரன் அன்று மணிக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் விலகிக்கொண்டிருந்தது. 20 நிமிடத்தில் 0.2 டிகிரி. ஆக இங்கே 6.2. மலேசியாவும் புருணையும் சிங்கப்பூரும் ஷஃபானை 30 ஆக்கின. நீரிணைக்கு அந்தக் கரை, இந்தக் கரை. நடுவில் ஓடிய கோடு அந்த 6.4. யாரும் யாரையும் மீறவில்லை.

கோடு எங்கே விழும் என்பதை முன்கூட்டியே உலகப் படத்தில் வரையும் முறையை 1980களில் விரிவாக வளர்த்தவர் நம் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முகமது இலியாஸ். சர்வதேசச் சந்திர நாள்கோடு என்பது அவருடைய கருத்து. மேற்கே போகப் போகப் பிறைக்கு வயது கூடும், அவ்வளவுதான் அதன் அடிப்படை.

கடையநல்லூர் வேர்:
அப்படியானால் ஊரில் கடையநல்லூரில் பார்த்தால் நாம் ஏன் எடுக்கக் கூடாது? வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள்.

மத்ரஸா நூலகம்:
கடையநல்லூர் நமக்கு மேற்கே 23 டிகிரி. சூரியன் அங்கே ஒன்றரை மணி நேரம் பிந்தி மறைகிறது. அதற்குள் சந்திரன் முக்கால் டிகிரிக்கு மேல் கூடுதலாக விலகியிருக்கும். இங்கே தெரியாதது அங்கே தெரிய முழு நியாயம் உண்டு.

மார்க்க ஆதாரத்தில் இதற்கு குரைப் அவர்களின் ஹதீஸ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஷாமில் (சிரியாப் பகுதி) வெள்ளி இரவு பிறை பார்த்தார்கள், மதீனாவில் சனி இரவு. ஷாமின் பார்வை போதாதா என்று குரைப் கேட்டபோது, போதாது, அல்லாஹ்வின் தூதர் எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டார்கள் என்றார் நபித்தோழர் இப்னு அப்பாஸ். ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பகுதிப் பிறையை வலியுறுத்துபவர்களின் பிடிமானம் இது. ஓரிடத்துப் பிறை எல்லாருக்கும் போதும் என்கிற அறிஞர்களும் உண்டு, அவர்களையும் மதிக்கிறேன். ஆனால் மலேசியாவில் மன்னர்களின் முத்திரைக் காப்பாளர், அதாவது பெஞிம்பான் மோஹோர் புசார் ராஜா ராஜா, அறிவித்த பிறகு ஒரே வீட்டில் இரண்டு பெருநாள் கொண்டாடுவதை நான் ஏற்க மாட்டேன்.

கண்ணால் மட்டும்:
நூலகத்தாரே, ஒரு மறுப்பு. "பிறை பார்த்து நோன்பு வையுங்கள், பார்த்து நோன்பு விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாக்குங்கள்" என்பது தெளிவான சொல். இங்கே மேகம் மூடிய மாலையிலும் கணக்கு 3, 6.4ஐத் தாண்டிவிட்டால் மாதம் பிறந்ததாக அறிவிக்கிறார்கள். பார்க்காமலே ஆரம்பிப்பதை எப்படி ஏற்பது?

மத்ரஸா நூலகம்:
உங்கள் வாதம் கனமானது, பெரும்பான்மை அறிஞர்கள் அந்தப் பக்கம்தான். இன்னொரு அறிவிப்பில் "ஃபக்துரூ லஹு" என்ற சொல் வருகிறது, கணித்துக்கொள்ளுங்கள் என்றும் பொருள் கொள்ளலாம். கணக்கு அறிந்தவருக்கான சொல் அது என்று ஷாஃபிஈ அறிஞர் இப்னு சுரைஜ் எடுத்தார். கணக்கு முடியவே முடியாது என்று காட்டும்போது சாட்சியை மறுக்கலாம் என்றார் தகிய்யுத்தீன் சுப்கி. இந்த நாட்டு முறை பார்வையையும் கணக்கையும் இணைத்தது: பார்வைக்குக் குழு போகும், மேகம் மறைத்தால் பார்க்கக்கூடிய நிலையில் பிறை இருந்ததா என்று கணக்கு சொல்லும். எனக்கு அதில் மனநிறைவு இருக்கிறது. உங்களுக்கு இல்லையென்றால் அது பழைய கருத்து வேறுபாட்டின் தொடர்ச்சி, குற்றமில்லை.

கணக்கு பொய்ச் சாட்சியைத் தடுத்ததற்கு 2023 ஏப்ரல் 20 நல்ல எடுத்துக்காட்டு. நமக்கு ரமலான் 29. அன்று நண்பகலில் சூரிய கிரகணம், சங்கமத்தையே வானம் கண்முன் காட்டியது. நம் நேரம் 12.13. மஃரிப்புக்குப் பிறையின் வயது ஏழு மணி நேரம் சொச்சம், இடைக்கோணம் 6.4க்குக் கிட்டவே இல்லை. நாம் 30 பூர்த்தி செய்து 22ஆம் தேதி பெருநாள் எடுத்தோம்.

கண்ணால் மட்டும்:
அந்த நாளைப் பற்றி எனக்கும் மறுப்பில்லை. மேக நாளைப் பற்றிய என் கருத்தில் நிற்கிறேன். பிள்ளைகள் கடற்கரைக்குப் போவதை மனதார வாழ்த்துகிறேன், இந்த ஸுன்னத் திரைக்குள் முடங்கிவிடக் கூடாது. தம்பி, சாட்சி விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஷாஃபிஈயில் ரமலான் பிறைக்கு நேர்மையான ஒருவர் போதும், பெருநாள் பிறையான ஷவ்வாலுக்கு இருவர். ஹனஃபியில் வானம் தெளிவாக இருந்தால் ஒருவர் இருவர் சொல் போதாது, பெரிய கூட்டம் பார்த்திருக்க வேண்டும்.

மஸ்ஜித் இந்தியா பக்கத்து வீடு:
2025 பெருநாள் இரவில் பிறை தடிமனாக இருந்தது, "இது இரண்டாம் பிறை, ஒரு நாளைத் தவறவிட்டோம்" என்று பலர் பேசினார்கள். அதற்கும் பதில் எழுதிவிடுங்களேன்.

கணக்கு வாத்தியார்:
2025 மார்ச் 29 சங்கமம் நம் நேரம் மாலை 6.58. பினாங்கில் சூரியன் மறைந்தது ஏறக்குறைய 7.31. அரை மணி நேர வயதுப் பிறையை எந்த டெலஸ்கோப்பாலும் பார்க்க முடியாது. மறுநாள் 30ஆம் தேதி மாலை வயது இருபத்து நாலரை மணி நேரம், அதோடு சந்திரன் பூமிக்கு நெருங்கிய நாட்கள், வேகமாக விலகியது. உயரமாகவும் தடிமனாகவும் தெரியாமல் எப்படி இருக்கும்? அதுதான் முதல் மாலை. சங்கமம் காலையில் நடந்தால் தலைப்பிறை நூலாக இருக்கும், முந்தைய மாலையை ஒட்டி நடந்தால் தடியாக இருக்கும். பத்னு நக்லா என்ற இடத்தில் பிறையின் பருமனைப் பார்த்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று பேசியவர்களிடமும் இப்னு அப்பாஸ், பார்த்த இரவுக்கு உரியதே அது என்றார்.

சூலியா தெரு தம்பி:
மாஷா அல்லாஹ். கடைசியாக ஒன்று. ஒருவேளை பார்த்துவிட்டால் யாரிடம் சொல்வது? ஃபேஸ்புக்கில் போடலாமா?

பாலிக் புலாவ் வாசி:
போடாதீர்கள். பார்த்த நொடியில் மணியை விநாடியோடு எழுதுங்கள், பார்த்தவர் தான் கண்ட வடிவத்தைத் தாளில் தானே வரையட்டும், பக்கத்தில் சூரியன் மறைந்த புள்ளியையும் குறிக்கட்டும். போனில் படம் எடுக்க முயன்றால் அடிவானமும் சேர்ந்து விழட்டும், வெறும் வானத்தில் ஒரு கீறல் யாருக்கும் உதவாது. பிறகு நேராகப் பந்தாய் ஆச்சே குழுவிடம் போங்கள். அங்கே ஷரியா நீதிபதி இருப்பார், சாட்சியைப் பதிவு செய்வது அவர் வேலை. அங்கிருந்து முஃப்திக்கு, முஃப்தியிடமிருந்து முத்திரைக் காப்பாளருக்கு, பிறகு டிவிக்கு. பாசிர் பாஞ்சாங்கிலிருந்து அந்த இடத்துக்கு மலைப்பாதை வளைவு நிறைய, அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். போகும்போதே அலுவலகத் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் முதலில் அழைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு கிளம்பலாம். சாட்சி சொல்பவர் அடையாள அட்டையை எடுத்துப் போகட்டும்.

பட்டர்வொர்த் நானா:
மஃரிப்பைக் கடற்கரையிலேயே இரண்டு ஜமாஅத்தாகத் தொழுதுகொள்ளுங்கள். பாதிப் பேர் தொழும்போது பாதிப் பேர் வானத்தில் கண் வைத்திருக்கட்டும். 13 நிமிடப் பிறைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தால் அதுதான் போய்விடும் நேரம். முதல் ஜமாஅத் சூரியன் மறைந்து பத்தாவது நிமிடத்துக்கு மேல் தொடங்கட்டும்.